என் பெயரில் ஒட்டிக்கொண்ட E

பள்ளிக்கூட ஆபீஸில் எப்போதும் கோந்தும் ஸ்டாம்பு மையும் கலந்த ஒரு வாசனை. அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பிளஸ் டூ மார்க் ஷீட்டை வாங்கினேன்.

பெயர் இருக்க வேண்டிய இடத்தில் MARIE.

நான் MARI. கிளிஞ்சல்மேட்டு மாரி. நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு அம்மை போட்டது, வேண்டிக்கொண்டு வைத்த பெயர். தமிழ் மிஸ், "மாரின்னா மழைம்மா" என்பார். அகராதியைப் புரட்டிய பையன்கள் அதற்குக் கொள்ளைநோய் என்றும் அர்த்தம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்... அந்த வருடம் முழுக்க என்னைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

MARIE என் பெஞ்சுத் தோழி. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் மரி. பெயருக்கு அர்த்தம் தேடிப் படும் பாடு அவளுக்கும் இதேதான்.

"ஃபாதர் கசப்புங்கிறாரு. அத்தை கடலுங்கிறாங்க. அப்பா, ஆசைப்பட்டுப் பெத்த புள்ளைங்கிறாரு. நான் எதடி வச்சுக்கிறது?"

பள்ளிக்கூட கிளார்க் எங்கள் இருவர் பெயரையும் ஒரே மாதிரி டைப் அடித்து தேர்வுத் துறைக்கு அனுப்பியிருந்தார். சாதிச் சான்றிதழில் மாரி, மார்க் ஷீட்டில் மரி. நர்சிங் கவுன்சலிங்குக்கு எட்டே நாள்.

அப்பா கடலுக்குப் போகாமல் என்னோடு வந்தார்.

"மேரின்னா... நீங்க கிறிஸ்டீனுங்களா?" என்றார் கிளார்க்.

"மாரிங்க. மாரியம்மன் பேரு."

"இங்கிலீஷ்ல எல்லாம் ஒண்ணுதாங்க."

"எப்படிங்க ஒண்ணாவும்? அது அந்தப் புள்ள பேரு. இது எம் புள்ள பேரு."

நான்கு நாள் இதே பேச்சு. மரி தன் பிறப்புச் சான்றிதழையே எடுத்து வந்து, "இந்த E என்னோடது சார்" என்று காட்டினாள். கிளார்க் அதை நிதானமாகப் படித்துவிட்டு, திருத்தம் வர மூன்று மாதம் ஆகும் என்றார்.

வேறு வழியில்லை. MARI, MARIE இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் அப்பா கையெழுத்துப் போட்டார். நான்கு நாளாக எதை இல்லை என்று கத்தினாரோ, அதையே. திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது கேட்டார், "சீட்டு கெடச்சிரும்ல?"

கிடைத்தது.

திருத்தம்தான் இன்றுவரை வரவில்லை. ஆஸ்பத்திரியில் நான் சிஸ்டர் மேரி. டிசம்பரில் ஆளாளுக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள், விளக்கிச் சொல்லி அலுத்துப்போய் தேங்க்ஸ் சொல்லிவிடுகிறேன். மரி இப்போது பிரான்ஸில். "பேரச் சொன்னா, அது சரி, உங்க இந்தியப் பேரு என்னன்னு கேக்குறாங்கடி" என்று போனில் புலம்புகிறாள்.

போன வாரம் பேங்கின் மொபைல் ஆப், பெயர் பொருந்தவில்லை என்று மூன்று தடவை என்னைத் தள்ளிவிட்டது. போன் செய்தால் பதிவு செய்த குரல்... ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து. அரை மணி நேரம் அழுத்தினேன்.

அந்த கிளார்க் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனால் அப்பா மேசையைத் தட்டி, "எம் புள்ள பேரு மாரி" என்றபோது, அந்த மனுஷன் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

இப்போது தட்டுவதற்கு ஒரு மேசைகூட இல்லை...

அப்பாவும் இல்லை.