மாடிக்காரர் போட்ட தடை

என் வீட்டு மாடியில் குடியிருப்பவர் எனக்கு இரண்டு மாத வாடகை பாக்கி. அந்தப் பாக்கியை வைத்துக்கொண்டே என் மாடிக்காரர் என்னை மூன்று நாள் வெளியே நிறுத்தினார் என்றால், ஆள் எப்படிப்பட்டவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலை ஆறரைக்கு ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டு வருவார். செருப்பை வாசலில் நூல் பிடித்த மாதிரி ஒட்டி வைப்பார். முகம் கழுவுவார். ஊரில் எல்லாரும் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றுவார்கள். இவர் கழுத்துப் பொத்தானையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்.

"யாரும் பாக்கப்போறதில்ல, எதுக்குத் தம்பி பட்டன்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நாலு பேரை வெளிய அனுப்பற வேலைங்க. பனியனோட செய்யக்கூடாது" என்றார்.

ஒரு சாட் நெட்வொர்க்கில் அவர் ஆப்பரேட்டர். எழுத்திலேயே பேசிக்கொள்ளும் இடம் அது. மோட்டார் ரிப்பேருக்கு ஓர் அறை, கணக்குப் பாடத்துக்கு ஓர் அறை, வெறும் வம்பளக்க ஓர் அறை என்று ஐம்பது அறைகள். அங்கே அசிங்கமாகப் பேசுகிறவனையும் சண்டை மூட்டுகிறவனையும் முதலில் எச்சரிக்க வேண்டும். கேட்காவிட்டால் தடை போட வேண்டும். இதற்குச் சம்பளம் ஒரு காசு கிடையாது.

பக்கத்தில் நீள நோட்டு ஒன்று இருக்கும். ஒவ்வொரு தடைக்கும் காரணம், தொடங்கும் நேரம், முடியும் நேரம் எல்லாம் குண்டு குண்டாக எழுதுவார். ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். "பெண் பெயரில் வந்து மூன்று பேரிடம் கல்யாணம் பேசினான். முப்பது நாள்." அதற்குக் கீழே, "கணக்கு அறையில் விடை சொல்லாமல் சிரித்தான். எச்சரிக்கை மட்டும்."

தடை வாங்கியவர்கள் கெஞ்சிக் கடிதம் போடுவார்கள். பாதிக் கடிதத்தில், தான் எழுதவில்லை, தங்கச்சிதான் தெரியாமல் தட்டிவிட்டாள் என்றிருக்கும். "எல்லாருக்கும் ஒரு தங்கச்சி இருக்குங்க. உலகத்துல நடக்கற தப்பெல்லாம் அந்தப் பொண்ணுதான் பண்ணுது" என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

நான் நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். லேத் பட்டறையில் இரும்புத்தூள் கூட்ட வந்தேன். இன்று மூன்று லேத் எனக்குச் சொந்தம், இந்த மூன்று மாடிக் கட்டடமும் சொந்தம். ஆறு குடித்தனத்துக்கும் ஒரே இன்டர்நெட் லைனை இழுத்து, வாடகையிலேயே அடக்கம் என்று கொடுத்திருக்கிறேன். வேறு எந்த வீட்டுக்காரன் கொடுப்பான்? அவருடைய சாட்டில் அந்த மோட்டார் அறைக்கு நானும் போவேன். பெரிய படிப்புப் படித்தவனெல்லாம் விழிக்கும் கேள்விக்கு, நான் ஒற்றை விரலால் தட்டிப் பதில் சொல்வேன். என்ன, எதையும் நான்கு தடவை அனுப்புவேன். லேத் ஓடுகிற இடத்தில் நான்கு தடவை கத்தினால்தான் அடுத்தவன் காதில் விழும். நாற்பது வருஷப் பழக்கம்.

"ஐயா, இங்க மிஷின் சத்தம் கிடையாது. ஒரு தடவை போதும்" என்று மாடிக்காரரிடமிருந்து எச்சரிக்கை வந்தது. மறுநாள் இன்னொன்று. மூன்றாம் நாள் ஓர் என்ஜினீயர், பேரிங் சத்தத்துக்கு மோட்டாரையே மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தான். "உன் மண்டைக்குத்தான் முதல்ல கிரீஸ் வைக்கணும்" என்று எழுதினேன். நான்கு தடவை.

மூன்று நாள் தடை என்று திரையில் வந்தது. விடுவேனா? வேறு பெயரில் நுழைந்தேன். இரண்டு நிமிஷத்தில் பிடித்துவிட்டார். வணக்கத்தையும் நான்கு தடவை சொல்லியிருந்தேன். இன்னொரு பெயரில் போனேன். இந்தமுறை பெயரை விட்டுவிட்டு, நான் வரும் இன்டர்நெட் நம்பருக்கே தடை போட்டார். போட்ட வேகத்தில் ஒன்றை மறந்துவிட்டார். ஆறு குடித்தனத்துக்கும் ஒரே லைன். வெளியிலிருந்து பார்த்தால் கட்டடத்துக்கே ஒரே நம்பர். என்னைத் தள்ளிய அதே கையால் தன்னையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டார்!

நான் படியேறிப் போனபோது, பொத்தான் போட்ட கழுத்தோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் தடை செய்யப்பட்டுள்ளீர்கள். காரணம்: சொன்னதையே சொல்லுதல்." அவர் எழுதிய காரணம்தான். போன் அடித்தது. வெளியூரில் இருக்கும் இன்னொரு ஆப்பரேட்டர், தொழில் பல் டாக்டர். ஸ்பீக்கரில் சிரிப்பு தாங்கவில்லை.

"யோவ், உனக்கே போட்டுக்கிட்டியா! எடுத்து விடட்டுமா?"

"வேணாம் டாக்டர். எனக்காக எடுத்தா கீழ் வீட்டு ஐயாவுக்கும் எடுத்ததா ஆயிடும். மூணு நாள்னா மூணு நாள்."

எனக்குச் சுருக்கென்றது. "தம்பி, இது என் கட்டடம், என் லைன். தடையை எடுங்க, பாக்கியை மெதுவாத் தாங்க. எடுக்கலேன்னா, தடை முடியற நேரத்துக்கு ரெண்டு மாச வாடகையும் என் கைக்கு வரணும். வரலேன்னா வேற வீடு பாத்துக்குங்க."

அவர் நோட்டைத் திறந்தார். முடியும் நேரம், மூன்றாம் நாள் மாலை ஏழரை என்று எழுதி அடிக்கோடு போட்டார். "பாக்கிக்கும் இதே டயம்தானுங்களே?" என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் அவர் மனைவி என் வாசலுக்கு வந்தாள். சமாதானம் பேச வருகிறாள் என்று தொண்டையைச் செருமித் தயாரானேன்.

"ஐயா, கல்யாணமாகி ஒம்போது வருஷத்துல நேத்திக்குத்தான் சாயங்காலம் என் முகத்தைப் பாத்துப் பேசினாரு. வக்கீல் வீட்டுல குடுத்த டைப்பிங் கட்டு மூணு மாசமா பாதியில கிடந்துதா, அதையும் எடுத்து வச்சிட்டாரு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இந்தத் தடை முடிஞ்சதும் திரும்பவும் போயி யாரையாவது திட்டுங்க. ஒரு வாரம் போடற மாதிரி, கொஞ்சம் பலமாத் திட்டுங்க!"

நாற்பது வருஷத்தில் எத்தனையோ பேர் என்னிடம் உதவி கேட்டு வந்திருக்கிறார்கள். இப்படி ஓர் உதவியை யாரும் கேட்டதில்லை.

அன்றும் மறுநாளும் மாடியில் தட்டுகிற சத்தம் ஓயவில்லை. கடையைக்கூட அரை நாள் மூடியிருந்தார். மூன்றாம் நாள் ஏழரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது என் கூடத்தில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது; கழுத்துப் பொத்தான் போட்டிருந்தது. கையில் வக்கீல் வீட்டில் டைப்பிங் கூலி போட்டுக் கொடுத்த கவர்.

பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பணத்தைப் பொறுமையாத் தாங்க தம்பி, வீட்டைப் பத்திக் கவலையே வேணாம். அந்த டாக்டர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லி, தடையை இப்பவே எடுக்கச் சொல்லுங்க. அந்த என்ஜினீயர் இன்னும் அங்கதான் உளறிக்கிட்டு இருப்பான். அஞ்சு நிமிஷம்தானே!"

"அஞ்சு நிமிஷம் இருக்குதுங்களே" என்றார். "கையை நீட்டுங்க."

நீட்டினேன். கவரிலிருந்து ஒவ்வொரு ரூபாய் நோட்டாக எடுத்து, மடிப்பை நீவி நீவி வைத்தார். கண் என் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. கடைசி நோட்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தபடி நின்றுவிட்டார். முள் ஆறைத் தொட்டு மணி ஏழரை ஆயிற்று. அந்த நோட்டையும் என் உள்ளங்கையில் வைத்தார்.