நேட்டிவ்

எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் 'நேட்டிவ்'. ரெடிமேடாக வரும் லினக்ஸ் அவருக்கு ஆகாது. மூல நிரலை இறக்கி ஒவ்வொரு புரோகிராமையும் தானே கம்பைல் செய்தால்தான், அதாவது மெஷினுக்குப் புரியும் பாஷைக்கு மாற்றினால்தான், தூக்கம் வரும். மெஷினின் மூளையான பிராசஸர் எது என்று அதில் ஒரு வரி எழுத வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு 'நேட்டிவ்' என்று எழுதிவிடுவார்.

"உங்க நேட்டிவ் எது சார்?" என்று சீண்டினால், "எந்த மெஷின்ல கட்டுறோமோ அதுதான் அதுக்கு சொந்த ஊரு. ஊர்க்காரனுக்குத்தானே சந்துபொந்தெல்லாம் தெரியும்? அதான் வேகம்" என்பார். பிடிவாதக்காரர், ஆனால் கெட்டிக்காரர்.

அவருடைய அக்காவுக்கு நரம்பு நோய். பேச்சு போய், கை கால் போய், ஒரே ஒரு விரல்தான் மிச்சம். பழைய லேப்டாப்பில் எழுத்துகள் வரிசையாக ஓடும். வேண்டியது வரும்போது அக்கா பட்டனை அமுக்குவார். வாக்கியம் முடிந்ததும் மெஷின் பேசும். தம்பி செய்து கொடுத்தது. ஆனால் ரொம்பத் திணறும். "நான் வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்கல்லாம் சாப்பிட்டு கை கழுவிடுறீங்க" என்று அக்கா அதிலேயே கிண்டலடித்தாராம்.

அது தம்பியைச் சுட்டது. லேப்டாப்பின் டிஸ்க்கைக் கழற்றி, ஆபீஸின் புது மெஷினில் மாட்டி, எல்லாவற்றையும் புதிதாகக் கம்பைல் செய்தார். பழைய பிராசஸரின் பெயரை எழுத வேண்டிய இடத்தில், பழக்க தோஷம், 'நேட்டிவ்' என்றே எழுதிவிட்டார். புது மெஷினின் பாஷை பழசுக்குப் புரியுமா? வீட்டில் மாட்டியபோது எழுத்து ஓடவில்லை, குரல் வரவில்லை. எதைத் திறந்தாலும் 'சட்டவிரோதக் கட்டளை' என்று ஒரு வரி வந்து நின்றது.

அன்றைக்கென்று பார்த்து அக்காவுக்கு மூச்சு முட்டியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "தொண்டைல ஓட்டை போட்டு குழாய் வைக்கணும். வெச்சா கடைசி வரைக்கும் இருக்கும். சம்மதமாம்மா?"

அக்கா கண்களை இறுக மூடிக்கொண்டார். பக்கத்தில் நின்ற அவர் கணவர், "சரிங்கறா டாக்டர்" என்றார். அவரும் பாவம், அவருக்கு வேண்டிய பதில் அது.

நேட்டிவ் சரியான பெயரை எழுதி, மறுபடி எல்லாவற்றையும் கம்பைல் செய்து, லேப்டாப்பைக் கட்டிலருகே கொண்டுபோய் வைத்தபோது குழாய் போட்டாகிவிட்டது. எங்கள் நேட்டிவ் மேல் கோபப்படுவதா, அவருக்காக அழுவதா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. இந்தத் தடவை மெஷின் திணறவே இல்லை. அக்கா கடைசி எழுத்தை அமுக்கியதுமே பேசியது.

"நான் வேண்டாம்னு சொன்னேன்டா."