அப்பாவின் படங்களைச் சித்தப்பா அழிக்கவில்லை

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உங்கள் அனைவருக்கும் அவருடைய ஒரே மகளின் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். கூடவே என்னைப் பற்றிக் கெட்டதாகவும் எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

அப்பா ஆரணியில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் இந்த மராத்தி மண்ணில், தேஹு ரோடு ராணுவ ஆயுதக் கிடங்கில் ஸ்டோர் வேலைக்கு வந்தார். கொஞ்ச காலத்தில் தன் தம்பியை, அதாவது என் சித்தப்பாவை, வரவழைத்துத் தன் ஒற்றை அறையில் வைத்துக்கொண்டார். படிக்க வைத்தார், கல்யாணமும் செய்து வைத்தார். அம்மா போன பிறகு ஞாயிறு தவறாமல் அவருக்குச் சித்தப்பா வீட்டுச் சாப்பாடுதான். கிடங்கில் ஒரு திருகாணி குறைந்தாலும் தூக்கம் வராத மனிதர், சொந்தக்காரர்கள் விஷயத்தில் மட்டும் எதையும் பூட்டி வைக்க மாட்டார்.

ஓய்வு பெற்ற பின் எல்லார் வீட்டுப் பழைய படங்களையும் வாங்கி ஸ்கேன் செய்ய ஆரம்பித்தார். இணையத்தில் வாடகைக்குக் கொஞ்சம் இடம் பிடித்து, தானே படித்து ஸ்கிரிப்ட் என்கிற சின்ன நிரல் ஒன்றை எழுதினார். ஃபோல்டரில் படத்தைப் போட்டால் போதும், அது சின்னதாக்கி வரிசையாக அடுக்கிவிடும். ஒவ்வொன்றின் கீழும் பெயர், ஊர், அப்புறம் 'நீக்கு' என்று ஒரு லிங்க். தன் படம் பிடிக்காதவர்கள் அதைத் தொட்டால் படம் அழிந்துவிடும். அந்த வயதில் இது சின்னக் காரியமா? உங்களில் எத்தனை பேர் திறந்து பார்த்தீர்கள்? குடும்ப வாட்ஸ்அப்பில் கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனீர்கள்.

நான் பார்த்தேன். விமான் நகர் ஆபீசில் இணையதளம் கட்டுவதுதானே எனக்குப் பிழைப்பு. "அப்பா, இந்த லிங்க்க யார் வேணா தொடலாமே, பாஸ்வேர்ட் போடலையா?" என்று கேட்டேன்.

"நம்ம மனுஷங்களுக்கு எதுக்கும்மா பூட்டு?" என்றார்.

சரிசெய்யப் பத்து நிமிஷம் ஆகாது. செய்யவில்லை. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டேன். அதோடாவது நிறுத்தினேனா? ஆபீஸ் நண்பர்களைச் சிரிக்க வைக்க, அந்த முகவரியை என் வலைப்பக்கத்தில் போட்டு, 'ரிட்டயரான கிழவர் கட்டிய கதவில்லாத வீடு' என்று எழுதினேன். பெற்ற தகப்பனை அப்படி எழுதினேன்.

அந்த வாரம் சித்தப்பா போன் செய்தார். படிக்கும் காலத்தில் அவர் ஓட்டலில் தட்டுக் கழுவிய படம் ஒன்று தளத்தில் இருந்தது. "பொண்ணு பாக்க வர்றவங்க கண்ல பட்டுடும், அத எடுத்துடுண்ணா" என்றார். "கீழயே லிங்க் இருக்கில்ல, நீயே எடுத்துக்கோடா" என்றார் அப்பா. மறுநாள் காலை தளத்தில் ஒரு படம்கூட இல்லை. அப்பா வேறு நகலும் வைத்திருக்கவில்லை; வாங்கிய படங்களை ஸ்கேன் ஆனதுமே அவரவர் வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்திருந்தார்.

ஸ்பீக்கரைப் போட்டுச் சித்தப்பாவை அழைத்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஒண்ணு எடுக்கச் சொன்னா மொத்தத்தையும் வாரிட்டியேடா, பாவி!"

"சத்தியமா நான் கைய வைக்கலண்ணா. அந்த ஒண்ணக்கூட நான் தொடல."

"உன்னத் தவிர வேற யாருக்குடா உறுத்துச்சு?" என்று போனை வைத்துவிட்டார்.

தளத்துக்குள் யார் எப்போது வந்து எதைத் தொட்டார்கள் என்று குறித்து வைக்கும் சர்வர் பதிவை அன்றே திறந்து பார்த்தேன். தேடுபொறி ஒன்றின் தானியங்கி நிரல் தளத்துக்குள் வந்து, கண்ணில் பட்ட லிங்க்கை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போயிருந்தது. 'நீக்கு' என்றால் என்னவென்று அதற்கு என்ன தெரியும்? அந்த முகவரி வெளியே எழுதப்பட்டிருந்த ஒரே இடம் என் வலைப்பக்கம்; அது அந்த வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது. சொன்னால் என் யோக்கியதை வெளியே வந்துவிடும். என் பக்கத்தை அழித்தேன், வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் அண்ணனும் தம்பியும் பேசவில்லை. சித்தப்பா மகள் கல்யாணப் பத்திரிகையை அப்பா கையால்கூட வாங்கவில்லை. நீங்கள் மட்டும் சும்மா இருந்தீர்களா? சோறு போட்ட அண்ணனுக்கே துரோகம் செய்தவன் என்று விசேஷ வீடுகளில் சித்தப்பாவை ஒதுக்கினீர்கள். நான் அதையும் பார்த்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குச் சித்தப்பா வந்தபோது அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சித்தப்பா கிளம்பிச் சென்ற பிறகு, "அவன் எதுக்கும்மா அப்படிப் பண்ணான்? நான் என்ன கொற வச்சேன்?" என்று கேட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பேசாம தூங்குங்கப்பா" என்றேன். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். கொள்ளி வைத்தவர் சித்தப்பாதான்.

அப்பாவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சாப்பாட்டு டப்பா கட்டி அனுப்பிய பக்கத்து வீட்டு மராத்தி அக்காவுக்கும், தொலைவிலிருந்து வந்து நின்ற சொந்தங்களுக்கும் நன்றி. சித்தப்பாவுக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மன்னிப்பாவது கேட்கலாம் என்று, இதுவரை எழுதியதைப் போன வாரம் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்தேன். நிதானமாகப் படித்து முடித்து, தாள்களை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"நான் பண்ணலன்னு எனக்கு மொதல்லயே தெரியும்மா. அண்ணன்கிட்ட இனிமே யாரு போய்ச் சொல்றது?"