ஜெபித்துச் சொல்கிறேன்

எங்கள் சபையில் ஒருவர் "ஜெபித்துச் சொல்கிறேன்" என்றால், இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார் என்று அர்த்தம். அப்பா அதை வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ராயப்பேட்டையில் ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் அவர் தோளில் கைபோடுவார். "பிரதர், ஆத்தோரக் குடிசைங்கள்ல ஒரு ஜெபக்கூட்டம் ஆரம்பிக்கணும். நீங்கதான் போகணும்னு கர்த்தர் திரும்பத் திரும்ப உணர்த்துறார்." அப்பா மரியாதையாகச் சிரித்து, "ஜெபிச்சுச் சொல்றேன் பாஸ்டர்" என்று ஸ்கூட்டரை நோக்கி நடந்துவிடுவார். பிறகு கடைசி ஜெபத்திற்கு எல்லாரும் கண்ணை மூடும்போதே நழுவிவிடப் பழகிக்கொண்டோம்.

பாஸ்டருக்குத்தான் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் சமையலறையில் அப்பா அம்மாவிடம் தணிந்த குரலில் பேசியது காதில் விழுந்தது. "பாஸ்டர் சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். கர்த்தர் என்னைத்தான் கூப்பிடுறார். என்னால முடியாது." அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம்தான் ஞாயிறு பள்ளி அக்கா, கடவுள் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் கப்பலேறி ஓடிய தீர்க்கதரிசியின் கதையைப் படம் காட்டிச் சொல்லியிருந்தார். மற்ற பிள்ளைகள் அவரை விழுங்கிய பெரிய மீனைப் பார்த்து வாய்பிளந்தார்கள். எனக்கு மீன் ஒரு பொருட்டாகவே படவில்லை. கப்பலில் இருந்தவர்கள் நல்லவர்கள். இவர் கடவுள் சொல் கேட்காததால்தான் புயல் என்று தெரிந்ததும் அந்த நல்லவர்களே தூக்கிக் கடலில் போட்டார்கள். அதைத்தான் இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் மழை பிடித்துக்கொண்டது. அடையாறு பகுதியில் எங்களுடையது தரைத்தள வீடு. ஒரு காலை கட்டிலைவிட்டுக் காலை இறக்கினால் தண்ணீர். அம்மா அழவில்லை, அரிசி டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்தாள். சற்று நேரத்தில் மேல்வீட்டு மாமா படியில் நின்று, "என்னத்த பாத்துட்டு இருக்கீங்க, பிள்ளையத் தூக்கிட்டு மேல வாங்க" என்று சத்தம் போட்டார். அவர்கள் தெற்கத்திக்காரர்கள், தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தார்கள். அத்தை எங்களுக்குத் துண்டு கொடுத்து, சூடாக உப்புமா கொடுத்தார். அவர்கள் அன்பு காட்டக் காட்ட எனக்குப் பயம்தான் கூடியது. கப்பல்காரர்களும் முதலில் இப்படித்தானே இருந்திருப்பார்கள்?

பால்கனிக்குக் கீழே தெரு காணாமல் போயிருந்தது. பழுப்புத் தண்ணீரில் யார் வீட்டுக் கதவோ மிதந்து போனது. மாமா அதைப் பார்த்தபடி, "யாரு செஞ்ச பாவமோ, இப்படிக் கொட்டுது" என்றார்.

எல்லாரும் மழையைப் பார்த்தார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். போச்சு, முகத்திலேயே எழுதியிருக்கிறதே, இப்போது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்பாவின் சட்டையைப் பிடித்துப் பால்கனியிலிருந்து உள்ளே இழுத்தேன். மாமாவின் கைகளைப் பார்த்தேன். வெண்கல அண்டாவைத் தனியாகத் தூக்குகிற கைகள். ஆண்டவரே, அப்பாவை விட்டுவிடும், வேண்டுமானால் நான் போகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். உடனே அதற்கும் பயந்து, நான் சும்மா சொன்னேன் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மதியம் படகு வந்தது. கடற்கரை மீனவர்கள் இரண்டு பேர், மீன் பிடிக்கிற படகையே லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். கீழிருந்து ஒருவர் கத்தினார். "ஆத்தோரம் ஜனங்க மாட்டிகினு கீது! உள்ள எது சந்து, எது கால்வான்னே தெரியல. வழி தெரிஞ்சவங்க யார்னா கீறீங்களா?"

அப்பாவின் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். அம்மா அவரைப் பார்த்து, "போங்க" என்றாள். அவ்வளவுதான்.

அப்பா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பால்கனிக்குப் போய்க் குனிந்து, "நா வரேன் நைனா" என்றார். "நா அங்கதான் பொறந்து வளந்தவன். கண்ண கட்டி உட்டாலும் போய்க்கினே இருப்பேன்."

பள்ளியிலிருந்து ஒரு 'இன்னா'வைக் கொண்டுவந்தால்கூடக் குடிசைப் பேச்சு என்று என்னைத் திட்டுகிற அப்பா அவர். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதேயில்லை. அவர் ஆற்றோரத்தில் பிறந்தவர் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரியும். ஆனால் அதையெல்லாம் யோசிக்க எனக்கு எங்கே நேரம்? மாமா அவர் கையைப் பிடித்துப் படகில் இறக்கியபோது, "அப்பாவப் போட்றாதீங்க!" என்று அலறினேன். பிள்ளை பயந்துவிட்டது என்று அத்தை என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

அப்பா தண்ணீருக்குப் போய்விட்டார், இனி மழை நின்றுவிடும் என்று வானத்தைப் பார்த்தேன். கதையில் தீர்க்கதரிசி கடலில் விழுந்ததும் புயல் நின்றுவிட்டதே. மழை நிற்கவில்லை. கடவுள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்பா பொழுது சாயும்போது திரும்பினார், தொண்டை கட்டி, கால் முழுக்கச் சிராய்ப்போடு. பாஸ்டரிடம் அதன்பின் அவர் ஜெபித்துச் சொல்லவில்லை, நேரே ஆற்றோரம் போனார். அந்த ஜனங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு மாற்றிய பிறகும், ஞாயிறு மாலைகளில் இரண்டு பஸ் மாறிப் போகிறார்.

அன்று படகு தெருமுனையில் திரும்பும்போது அப்பா ஒருமுறை எங்கள் பால்கனியைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீருக்குப் பயந்து என்னைத்தான் தேடுகிறார் என்று இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் பார்த்தது என்னையல்ல, தான் பிறந்த இடம் தெரிந்துவிட்ட மாமா, அத்தையின் முகங்களை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.