பண்டமாரானில் ஓர் அலமாரி தாங்கிய மாடி

கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே உள்ள சுவரை எடுக்கலாமா என்று பார்க்க, பண்டமாரானில் ஒரு பழைய மாடி வீட்டுக்கு என்னை அழைத்திருந்தார்கள். நான் கட்டட எஞ்சினியர். போய்ப் பார்த்தால் சுவரையே காணோம். தரையில் செங்கல் தூள்தான் கிடந்தது.

"உடைச்சிட்டோம் மேடம்," என்றார் வீட்டுக்காரர் ராஜேந்திரன். "சாயந்தரம் மகளுக்கு நிச்சயதார்த்தம், இடம் பத்தல. நீங்க ஓகேன்னு சொன்னா போதும்லா."

சுவர் இருந்த இடத்தை ஒட்டி, கூரை உயரத்துக்கு ஒரு மர அலமாரி. அதன் முன்னால் தச்சர் செல்வம் ரம்பத்தோடு நின்றார். கதவு திறக்கவில்லையாம். பெண்ணின் பட்டுப்புடவை உள்ளே மாட்டிக்கொண்டது.

"நேத்து நல்லாத்தான் திறந்துச்சு," என்றார் ராஜேந்திரனின் மனைவி சாந்தி. "அறுத்துருங்க அண்ணே."

நான் மேலே பார்த்தேன். மாடித் தளத்தைத் தாங்கும் மர உத்திரங்களின் முனைகள் அந்தச் சுவரின்மேல்தான் இருந்திருக்க வேண்டும். இப்போது அவை இறங்கி, அலமாரியின் தலையில் உட்கார்ந்திருந்தன.

"ரம்பத்தைக் கீழ வைங்க!" என்று கத்தினேன். "மேல யாரு இருக்கா?"

"மகதான். மேக்கப் போட்டுக்கிட்டிருக்கா," என்றார் சாந்தி.

பெண் ஒரு கண்ணில் மட்டும் மையோடு இறங்கி வந்தாள். எல்லாரையும் தெருவுக்கு அனுப்பினேன். தெரிந்த கட்டடக் குத்தகையாளருக்குப் போன் செய்ததும், அவர் லோரியில் இரும்பு ஜாக்கிகளோடு ஆள் அனுப்பினார். அவர்களோடு நானும் உள்ளே போனேன்.

ஜாக்கிகளை மெல்லத் திருகத் திருக உத்திரங்கள் மேலெழுந்தன. அலமாரி ஒருமுறை முனகியது. பிறகு கதவு தானாகத் திறந்து, புடவை தரையில் விழுந்தது. வாசலில் நின்ற கூட்டம் கைதட்டியது.

"அப்ப என்னை எதுக்கு கூப்பிட்டீங்க boss?" என்றார் செல்வம்.

வீட்டுக்குள் யாரும் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நிச்சயதார்த்தம் தெருவில், கூடாரத்துக்குக் கீழே நடந்தது. மாப்பிள்ளையின் மாமா மட்டும் சன்னல் வழியே எட்டி, உத்திரங்களைத் தாங்கி நின்ற ஜாக்கிகளைப் பார்த்தார்.

"தூண் டிசைன் நல்லாருக்கே. எங்க வாங்குனீங்க?"

ராஜேந்திரன் என்னை ஒருமுறை பார்த்தார். "ஸ்பெஷல் ஆர்டர் அங்கிள்."

பிறகு அந்த இடத்தில் இரும்பு பீம் வைத்துக் கொடுத்தோம். சுவரைத் தட்டிப் பார்ப்பது, மேலே எது அதன்மேல் நிற்கிறது என்று பார்ப்பது எல்லாம் படிப்பிலேயே கற்றவை. பண்டமாரானில் கற்றது வேறு. இப்போது யார் போன் செய்தாலும் என் முதல் கேள்வி, "சுவர் இன்னும் இருக்கா?" என்பதுதான்.