இடது தோள் இறங்கிய துரை

எங்கள் படுக்கையறை அலமாரியில், என் சட்டைகளுக்கும் மனைவியின் பட்டுப் புடவைகளுக்கும் நடுவில், நேற்றுவரை ஒரு சிவப்புக் கம்பளிக் கோட்டு தொங்கியது. இடுப்போடு நின்றுவிடும் குட்டைக் கோட்டு. கை நுனியில் பச்சைப் பட்டி, வரிசையாகப் பித்தளைப் பொத்தான்கள். பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரிகள் விருந்துக்குப் போட்டுக்கொண்டது. நானோ பஹ்ரைனில் வரலாற்று வாத்தியார். வெள்ளைக்காரன் நம்மைச் சுரண்டிய கதையை வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்குத் தொண்டை வறளச் சொல்லிக்கொடுப்பவன். "ஒங்க வெள்ளைக்கார மாமனார் சீதனமாக் குடுத்ததா?" என்று மனைவி இன்றைக்கும் கேலி செய்வாள். அதை என்னிடம் விட்டுப்போனவர், ஈசா டவுனில் எங்கள் பள்ளிக்குப் பக்கத்துச் சந்தில் தையற்கடை வைத்திருந்த மாஸ்டர்.

மாஸ்டர் சிவகங்கைப் பக்கத்துக்காரர். பள்ளிச் சீருடைதான் அவருக்குச் சோறு போட்டது. புது வகுப்பு தொடங்கும் சமயத்தில் அந்தக் கடையில் எள் விழ இடமிருக்காது. பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட அவருக்கு நினைவில் நிற்காது, உடம்புதான் நிற்கும். என் மகள் அவருக்குக் 'கூன் போடுற பாப்பா'. "நிமிந்து நில்லு பாப்பா, நான் ஒனக்குத் தைக்கிறேனா, ஒட்டகத்துக்குத் தைக்கிறேனா?" என்பார். தைத்ததை அங்கேயே போட்டுக் காட்டாமல் யாரும் எடுத்துப்போக முடியாது. அவசரம் என்று பறக்கிறவர்களையும் திரைக்குப் பின்னால் தள்ளிவிடுவார். "போட்டுப் பாக்காத துணி முடியாத துணி" என்பது அவர் வேதம்.

இருபது வயதில் பம்பாயில் கப்பலேறி வந்தவர் முதலில் தைத்தது பட்டாளத்துக்கு. அப்போது பஹ்ரைனில் ஒரு பிரிட்டிஷ் காலாட்படைப் பிரிவு தங்கியிருந்தது. முகாம் வாசலில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு மிஷின். பதவிப் பட்டை தைப்பது, கால்சட்டை நீளம் குறைப்பது, இதுதான் வேலை. "அவங்களுக்கு நான் ஜானி, சார். எனக்கு முன்னாடி இருந்த டெய்லரும் ஜானிதான். பேரு என்னான்னு கேட்ட ஆளு ஒருத்தன் கெடையாது. நாமளும் கேக்கல, விடுங்க. கோணக்கால் துரை, தொப்பை சார்ஜன்ட்டுன்னு சீட்டு எழுதிக் கட்டிருவேன்." அவர்களும் லீவுக்கு நாளெண்ணியதை, வீட்டுக் கடிதம் வராத அன்று மெஸ்ஸில் சாப்பிடாமல் கிடந்ததைச் சொல்வார். கேம்ப், மெஸ், டியூட்டி, லீவு என்று இன்று வளைகுடாவில் நம் ஆட்கள் புழங்கும் வார்த்தைகளெல்லாம் அங்கே கேட்டவைதான் என்பார்.

அவர்களில் ஓர் இளம் அதிகாரிக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்ததாம். விருந்தில் கூட இருப்பவர்கள் கிண்டல் செய்ய, ஒரு சாயங்காலம் தனியாக வந்து கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே பஞ்சு வைத்து ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றித் தரச் சொல்லியிருக்கிறார். யாருக்கும் தெரியக்கூடாது. இரண்டு நாளில் மாஸ்டர் முடித்துவிட்டார். ஆனால் அவர் கோட்டோடு போனபோது முகாம் காலி. படையை அவசரமாக, கலவரம் மூண்டிருந்த ஏடனுக்கு அனுப்பிவிட்டார்கள். 'இடது தோள் இறங்கின துரை' என்ற சீட்டோடு கோட்டு அவரிடமே தங்கிவிட்டது. ஒவ்வொரு குளிர்காலமும் வெயிலில் காயப்போட்டு, பாச்சை உருண்டை மாற்றி, நாற்பது வருஷம் போல வைத்திருந்தார்.

பிறகு கடை இருந்த கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொல்லி, அவருக்கு விசா கொடுத்த அரபு முதலாளியான கஃபீல் "கலாஸ்", முடிந்தது, என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். விசா முடிந்தால் ஊர்தான். அன்று மாஸ்டர் கோட்டை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சார், நீங்க வரலாறு படிச்சவரு. இவரக் கண்டுபிடிச்சுக் குடுங்க. அடுத்தவன் துணிய வச்சுக்கிட்டு நான் ப்ளேன் ஏற மாட்டேன்."

பொத்தானில் இருந்த சின்னத்தை வைத்துத் தேடி, அந்தப் படைப்பிரிவின் வரலாற்றை லண்டனில் ஒரு பழைய புத்தகக் கடையிலிருந்து வரவழைத்தேன். தலையணை கனம். சென்னை ராஜதானி, பர்மா, மெசபடோமியா என்று கால் வைத்த இடமெல்லாம் வெற்றி. என் சொந்த மாவட்டத்தில் ஒரு பாளையக்காரர் கோட்டையைத் தகர்த்ததும் அரைப் பக்கத்துக்கு வருகிறது. உள்ளே இருந்த சனங்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு வரி இல்லை. அந்தப் பக்கத்து ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட்டேன். கடைசி அத்தியாயத்தில் அந்தப் படைப்பிரிவே வேறு இரண்டோடு சேர்ந்து, பெயர்கூட இல்லாமல் போயிருந்தது. 'வேண்டும் உனக்கு' என்று அப்போது நினைத்தேன். அதற்கு முன்னால், பஹ்ரைன் பற்றிய அத்தியாயத்தில், அங்கே எடுத்த அதிகாரிகளின் படம் ஒன்று இருந்தது.

கடையில் பாதிச் சாமான் மூட்டை கட்டியாகிவிட்டது. மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தில் இருந்த முகங்களை ஒரு துண்டுத் துணியால் மூடினார். "மூஞ்சி நெனவில்ல சார். தோளைக் காட்டுங்க." வரிசையில் விரல் நகர்ந்து நின்றது. "இவருதான். வெக்கப்பட்டுக்கிட்டே வருவாரு."

துணியை விலக்கினால், மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். படத்தின் அடியில் பெயர் இருந்தது. அதே பெயர் அடுத்த அத்தியாயத்திலும் இருந்தது. ஏடனுக்குப் போன சில வாரங்களிலேயே, ஜீப்பின் மீது எறியப்பட்ட குண்டில் இறந்திருக்கிறார். படித்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

மாஸ்டர் கோட்டின் தோளைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். "அப்ப, அவரு போட்டே பாக்கலியா" என்றார். கோட்டை என் பக்கம் நீட்டினார். "சார், ஒரு தடவ போட்டுக் காட்டுங்களேன். நீங்களும் ஒல்லியாத்தான் இருக்கீங்க."

எங்கள் கோட்டையைத் தகர்த்தவனின் கோட்டை நானே போட்டுக்கொள்வதா? ஆனால் மாஸ்டரின் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போட்டேன். கண்ணாடியில் கோமாளி போல நின்றேன். என் தோள்கள் நேரானவை, அதனால் இடது பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றது. மாஸ்டர் பின்னால் போய்ப் பார்த்தார், முன்னால் வந்து பார்த்தார், ஒரு நூலை வாயால் கடித்து அறுத்தார்.

"சரியாத்தான் தச்சிருக்கேன்" என்றார். "ஒங்களுக்குக் கோணலா இருக்கு பாருங்க. அவருக்குக் கச்சிதமா ஒக்காந்திருக்கும்." சொல்லிவிட்டு, அளவு நாடாவைக் கண்ணில் வைத்துக்கொண்டு அழுதார். பெயர்கூடக் கேட்டிராத ஒருவருக்கு, தன்னை ஜானி என்று மட்டும் கூப்பிட்ட ஒருவருக்கு, எதற்கு இப்படி அழவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. என் கண்ணும் ஏன் கலங்கியது என்பதும்தான்.

துரையின் சொந்தக்காரர் யாராவது கிடைத்தால் கொடுக்கச் சொல்லி, கோட்டை என்னிடம் விட்டுவிட்டு வெறுங்கையோடு ஊர் போனார். இணைந்த புதுப் படைப்பிரிவுக்கு எழுதினேன். அவருக்கு உறவென்று யாரும் இல்லை, உங்களிடமே இருக்கட்டும் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அதை மாஸ்டரிடம் சொல்ல மனசு வரவில்லை. ஊரில் ஒரு கடை போட ஆசைப்பட்டவர், அது நடக்காமலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.

இப்போது என் முறை. அடுத்த மாதம் பணி ஓய்வு, அத்தோடு விசாவும் முடிகிறது. நேற்று அலமாரியைக் காலி செய்யும்போது என்ன தோன்றியதோ, கோட்டை எடுத்துப் போட்டேன். தொப்பை விடவில்லை, ஒரு பொத்தானும் எட்டவில்லை. ஆனால் தோள்கள் சமமாக இருந்தன. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இத்தனை வருஷம் பரீட்சைத் தாள் அடைத்த பையை மாட்டிய என் இடது தோள், எனக்குத் தெரியாமலே இறங்கியிருக்கிறது. வாசலில் நின்ற மனைவி இந்த முறை கேலி செய்யவில்லை. "தோள் மட்டும் ஒங்களுக்குன்னே தச்ச மாதிரி இருக்குங்க" என்றாள். போட்டுக் காட்ட மாஸ்டர் இல்லை.

அடுத்தவன் துணியோடு ப்ளேன் ஏற மாட்டேன் என்றவர் அவர். இதை இனி அடுத்தவன் துணி என்று நான் எந்த வாயால் சொல்வது? மடித்துப் பெட்டியில் வைத்தேன்.