மாலி கிரீஸும் அரை ஏக்கர் உளுந்தும்

ஒரகடத்துக் கம்பெனி பஸ்ஸிலிருந்து கையில் கிரீஸ் டப்பாவோடு நான் இறங்கிய அந்தச் சாயங்காலத்தை, அண்ணி ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்லிச் சிரித்துவிட்டார். எங்களுக்கு எஞ்சியிருந்தது அரை ஏக்கர். இரண்டு போகமாக அதில் அண்ணி போட்ட உளுந்து மஞ்சளாகவே நின்றது. யூரியா போட்டால் நாலு நாள் பச்சை, பிறகு பழைய குருடி கதவைத் திறடிதான். இந்தத் தடவையும் விளையாவிட்டால் லாரி நிறுத்த வாடகைக்கு விட்டுவிடுவது என்று அப்பா முடிவு செய்தார். அண்ணன் தலையாட்டினான், நானும்தான்.

அண்ணி மட்டும் மண்ணையும் ஒரு செடியையும் எடுத்துக்கொண்டு வேளாண்மை ஆபீசுக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி அம்மா வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டினாராம். உள்ளே வெளுத்திருந்தது. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுப்பவை அந்த முடிச்சிலுள்ள நுண்ணுயிர்கள். அவற்றுக்குத் துளியளவு மாலிப்டினம் என்ற உலோகம் வேண்டும். எங்கள் புளித்த அமில மண் அதைச் செடிக்கு விடாமல் இறுக்கி வைத்திருக்கிறது. வேலை நடக்கும் முடிச்சு உள்ளே சிவந்திருக்கும், அந்தச் சிவப்பும் இரும்பால் வருவது என்றாராம்.

மாலிப்டினம்! கம்பெனியில் எங்கள் லைனில் நாள் முழுக்க நாங்கள் தடவுவதே மாலிப்டினம் கலந்த மாலி கிரீஸ். மருந்து என் விரலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பூரித்துப்போய், சூப்பர்வைசரிடம் கேட்டு, அடியில் கொஞ்சம் மிச்சமிருந்த டப்பாவை வாங்கி வந்தேன்.

"இன்னா தம்பி, உளுந்துக்கு சர்வீஸ் பண்ணப் போறியா?" என்றார் அண்ணி. கிரீஸில் இருக்கும் வடிவத்தைச் செடி உறிஞ்சாதாம். ஆபீசில் கொடுத்தது தண்ணீரில் கரையும் வெள்ளைத் தூள். மொத்த விதைக்கும் தடவ ஒரு ஸ்பூன்கூட வராது. அதை விதையில் தடவி விதைத்து, புளிப்பு முறிய மண்ணுக்குச் சுண்ணாம்பும் போட்டார்.

"மூட்டை மூட்டையா கொட்னதுக்கே மசியாத மண்ணு, இத்தனூண்டுக்கா மசியும்?" என்று அப்பா முனகினார். லாரிக்காரருக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்.

லாரிக்காரர் நிலத்தைப் பார்க்க வந்தபோது உளுந்து கரும்பச்சையாக முழங்காலைத் தொட எழும்பி, பூ வைத்திருந்தது. அண்ணி ஒரு செடியைப் பிடுங்கி, முடிச்சைக் கிள்ளி அப்பாவிடம் நீட்டினார். உள்ளே நல்ல சிவப்பு. ஜெயித்துவிட்டோம் என்று எனக்குக் கத்தத் தோன்றியது, தலையாட்டியவன் நான் என்பதையே மறந்து.

அப்பா அதை வாங்கி விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு லாரிக்காரர் பக்கம் திரும்பினார்.

"வேற எடம் பாரு நைனா. இங்க ஷிப்டு ஓடிகினு கீது."